தோட்டத்தில் ஓர் அறை போட எத்தனை நாள்

பெருமாள் கிருபையில் இந்த மலாய் நாட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ரப்பர்ப் பாலின் நாற்றம் பழகிவிட்டது. மத்தியானம் மூன்று மணிக்கு யாரோ ஏவிவிட்டதுபோல் வந்து கொட்டிவிட்டுப் போகிற மழையும் பழகிவிட்டது. ஆனால் போன மாசம் எங்கள் எஸ்டேட் துரையின் பங்களாத் தோட்டத்தில் புதிதாக ஓர் அறை எழும்பியது மட்டும் எனக்குப் பழகவில்லை. பங்களாவில் ஏழு அறைகள். குடியிருப்பது துரை, துரைசாணி, ஒரு நாய். அப்படியிருக்க, புல்வெளியின் கோடியில், செம்பருத்திச் செடிகளுக்கு அந்தப்பக்கம் தனியாக ஓர் அறை எதற்கு? நான் ஸ்டோர்க் கணக்கு எழுதுகிற கிராணி, ஆணியும் கம்பிவலையும் அளந்து கொடுக்க அங்கே போனவன், பங்களாச் சமையல்காரர் ஞானமுத்துவைத் தனியே கூப்பிட்டு, "துரைக்கா, அம்மாவுக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"என்னது அண்ணாச்சி?"

"சீக்கு யாருக்குன்னு கேட்கேன்."

ஞானமுத்து நம்ம பக்கத்துக்காரர். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சீக்குமில்ல, பேதியுமில்ல. அம்மா உட்கார்ந்து படம் வரையணுமாம். வீட்டுக்குள்ள வெளிச்சம் பத்தலையாம்" என்றார்.

எனக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. நல்ல உடம்போடு இருக்கிற மனுஷரை வீட்டைவிட்டுத் தள்ளித் தோட்டத்தில் வைப்பதை நான் எங்கும் பார்த்ததில்லை.

அறையைக் கட்ட வந்தவர் ஆ செங் என்ற சீனத் தச்சர். அவரும் நாள் பார்க்கிற ஜாதிதான். பலகை இறங்கிய அன்றே, காப்பிக் கடைச் சுவரில் மாட்டியிருந்த தாள் கிழிக்கிற காலண்டரைப் புரட்டினார். அன்றைய தாளில் என்ன போட்டிருந்ததோ, தலையை ஆட்டினார். அடுத்த தாளைப் பார்த்தார். "பிசோக், ஹாரி பாய்க்" என்று பல்லைக் காட்டினார். நாளைக்கு நல்ல நாளாம். அவ்வளவுதான் அவர் பார்த்த நாள். மறுநாள் காலையில் கால் நட்டார். உச்சி விட்டத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிக் கும்பிட்டார். "பெராப்பா ஹாரி?" என்று, எத்தனை நாளாகும் என்று கேட்டேன். நாலு விரலைக் காட்டி "எம்பட்" என்றார். நாலாம் நாள் சாயங்காலம் துரைசாணி அதற்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மிச்ச ஆணியைத் திருப்பி வாங்கப் போன என்னை அவள் கூப்பிட்டு, உங்கள் ஊரில் இப்படி ஓர் அறை போட எத்தனை நாளாகும் என்று இங்கிலீஷில் கேட்டாள். என் இங்கிலீஷ் ஸ்டோர் சாமான்களின் பேரோடு சரி. மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது. "சிக்ஸ்டி டேஸ், மேடம்" என்றேன். அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். துரையிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாள் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில், கால்வாய் வெட்டுகிற ஆட்களைக் காட்டி, "சிக்ஸ்டி டேஸ்?" என்று துரை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கங்காணி சிரித்தார். எனக்கும் சிரிக்க வேண்டியிருந்தது. நம் ஊர் ஆட்கள் சோம்பேறிகள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். விளக்கிச் சொல்ல எனக்குப் பாஷை இல்லை. பாஷை இருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியாது. ஊரில் இருக்கிற உங்களுக்கும், என்னைப்போல் கடல் தாண்டிக் கிடக்கிறவர்களுக்கும் அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். நாலாம் வகுப்புப் படிப்பு. குற்றம் குறை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர். அண்ணன், மதினி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், நான், என் வீட்டுக்காரி அலமேலு எல்லோரும் ஒரே வீடு. ராஜபாளையம் போகிற வழியில், ரயில் பாதையை ஒட்டி எங்களுக்கு ஒரு கிணற்றுத் தோட்டம் உண்டு. மிளகாயும் பருத்தியும் போடுவோம். அதில் இருந்த கட்டடம் என்று சொன்னால் கமலை இறைக்கிற மாடுகளுக்கு ஒரு தொழுவம், அவ்வளவுதான். அலமேலுவுக்கு இருமல் கண்டு ஆறு மாசம் ஆகியிருந்தது. கஷாயம், லேகியம், பத்தியம் எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு கார்த்திகை மாசத்தில் ராஜபாளையத்து டாக்டரிடம் வண்டி கட்டிப் போனோம். அவர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

"க்ஷயம். பயப்பட்டுப் பிரயோஜனமில்லை. குழந்தைங்க இருக்கிற வீட்டுல வைக்காதேயும். ஈரம் ஆகவே ஆகாது. தோட்டம் இருக்குன்னீரே, அதுல ரெண்டு பக்கம் ஜன்னல் வெச்சு ஒரு அறை போடும். பாலும் முட்டையும் கொடும். அறைதான் மருந்து, கேட்டீரா? நாளைக்கே ஆரம்பியும்."

அன்றைக்கே ராஜபாளையத்தில் சுப்பையா ஆசாரியைப் பார்த்தேன். எங்கள் வீட்டு வேலையெல்லாம் அவர்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினார். "நாலு நாள் போதும் அண்ணாச்சி. எட்டுக் கால் நட்டு, மூங்கில் தட்டி கட்டி, மண்ணு பூசி, மேல ஓலையப் போட்டிருவேன். கீழ பலகை. ஒரு சொட்டு உள்ள வராது."

"வாசலுக்கு நிலை?"

"சீக்காளிக்கு ஒதுக்குற கொட்டகைக்கு யாரு நிலை வெச்சா? ஒரு ஓலைப் படல் கட்டுனாப் போதாதா?"

படல் கட்டிய கொட்டகை என்றால் சாகக் கிடப்பவர்களுக்குக் கட்டுவது. எங்கள் தெருவிலேயே இரண்டு பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். கொட்டகைக்குள் போனவர்கள் நடந்து வெளியே வந்ததில்லை. என் அலமேலுவை அப்படி வைக்க மாட்டேன். சுடாத பச்சைக்கல்லில் சுவர் எழுப்பி, வேப்பமரத்தில் நிலை செய்து, நல்ல நாளில் நல்ல நேரத்தில் மஞ்சள் பூசிப் பூ வைத்து நிறுத்தி, முறைப்படி ஒரு வீடாகவே கட்டுவேன். அப்படிக் கட்டினால் அவள் அதற்குள் பிழைப்பாள் என்று ஆசாரியிடம் சொன்னேன். நிலை நின்ற பிறகுதான் சுவர் எழும்பும். ஆகவே முதலில் நாள் பார்க்க வேண்டும். ஜோசியர் எட்டாம் நாளைக் குறித்துக் கொடுத்தார். அதுவரைக்கும் எட்டே நாள் என்று, தொழுவத்தில் ஒரு பக்கம் மாட்டை ஒதுக்கி, சாணி மெழுகி அவளுக்குக் கட்டில் போட்டேன். "மாட்டுக்கு நான் துணையா, எனக்கு மாடு துணையா?" என்று கேட்டாள். அந்தச் சமயத்தில் அவளுக்கு இன்னும் கேலி பேசத் தெம்பு இருந்தது.

எட்டாம் நாள் காலையில் எல்லோரும் தோட்டத்தில் கூடினோம். தேங்காய் உடைத்தாயிற்று. நிலையின் குழியில் நவதானியம் போட்டாயிற்று. ஆசாரியும் அவர் தம்பியும் நிலையைத் தூக்கி நிமிர்த்தினார்கள். அந்தக் கணத்தில் தொழுவத்திலிருந்து ஒரு தும்மல் கேட்டது. ஒரே ஒரு தும்மல்.

மதினிதான் முதலில் பேசினாள். "ஒத்தத் தும்மல்! நல்ல நேரத்துல! ஏட்டி அலமேலு, உனக்கு நீயே சொல்லிக்கிட்டயே!"

எங்கள் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. கடல் தாண்டிப் பிறந்த பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல காரியத்தில் ஒற்றைத் தும்மல் விழுந்தால் காரியத்தை நிறுத்த வேண்டும். இரண்டாவது தும்மலும் சேர்ந்து விழுந்துவிட்டால் தோஷம் இல்லை. ஆசாரி நிலையைத் தோளில் தாங்கிக்கொண்டு, "ஏன் அண்ணாச்சி, இன்னொண்ணு தும்மச் சொல்லுங்க. கனம் தாங்கல" என்றார். நான் தொழுவத்துக்கு ஓடினேன்.

"ஏட்டி, இன்னொரு தும்மல் தும்மு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "தும்மல் என்ன, கேட்டா வாரதுக்கு வேலைக்காரியா?"

"நேரம் போகுது அலமேலு. செத்த நேரம்தான் இருக்கு."

என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வைக்கோல் ஒன்றைக் கிள்ளி மூக்கில் விட்டுத் திருகினாள். வரவில்லை. வெளியே எட்டிப் பார்த்துச் சூரியனை அண்ணாந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. மதினி வேலிக்கு அந்தப்பக்கம் நின்றபடியே தன் மூக்குப்பொடி டப்பாவை என் பக்கம் வீசினாள். "ஒரு சிட்டிகை நல்லா இழுக்கச் சொல்லுங்க கொழுந்தனாரே" என்றாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என் விரலால் எடுத்து, என் கையால், க்ஷயம் பிடித்த நெஞ்சுக்குள் அதை இழுக்கச் சொன்னேன். இழுத்தாள். தும்மல் வரவில்லை. இருமல் வந்தது. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருமினாள், இருமினாள். வாயைப் பொத்திய முந்தானையை எடுத்தபோது அது சிவந்திருந்தது. அவள் ரத்தம் துப்பியது அதுதான் முதல் தடவை.

வெளியே அண்ணன், "ஏலே, நேரம் தாண்டிட்டுதுலே" என்று குரல் கொடுத்தான். ஆசாரி நிலையை இறக்கிச் சாய்த்து வைத்தார். ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டுக் கார்த்திகையில் இனி நாள் இல்லை, மார்கழியில் நிலை வைக்கக்கூடாது, தை பிறக்கட்டும் என்றார். "தையில வெச்சா அமோகமா வரும்" என்றார். நான் சரி என்றேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. என் வாயால்தான் சரி என்றேன்.

இங்கே மலாய் நாட்டில் மார்கழி என்று ஒன்று வருவதே தெரியாது. பனி கிடையாது, குளிர் கிடையாது. எஸ்டேட்டுக் கோயிலில் விடியற்காலையில் நாலு பேர் ஜால்ரா தட்டினால் அதுதான் மார்கழி. எங்கள் ஊரில் மார்கழி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தெருத்தெருவாகக் கோலம், பஜனை, சுடச்சுடப் பொங்கல். மேற்கே மலையிலிருந்து இறங்குகிற காற்று எலும்பைத் தொடும். அந்த வருஷம் அதோடு மழையும் சேர்ந்துகொண்டது. முப்பது நாளும் ஒரு நாள் தவறாமல் ஈரத் துணியோடு கோயிலுக்குப் போவேன் என்று அலமேலுவுக்காக வேண்டிக்கொண்டிருந்தேன். பஜனையில் முன்வரிசையில் நின்று பாடினேன். பாடி முடித்து, இலையில் பொங்கலை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்கு நடப்பேன். தொழுவத்தின் கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. கட்டிலை இழுத்து இழுத்துப் போட்டு, கடைசியில் ஒழுகாத இடம் மாட்டின் பின்புறம்தான் என்று ஆயிற்று. மூத்திர ஈரத்தில் கட்டில் கால் ஊறியது. ஐம்பது அடி தூரத்தில் பச்சைக்கல் அடுக்கி வைத்திருந்தது. மேலே தென்னங்கீற்றுப் போட்டு அதை நனையாமல் மூடி வைத்திருந்தேன். கல்லை மூடினேன்.

ஒரு நாள் பொங்கலைத் தொடாமல் கேட்டாள். "ஆசாரி சொன்ன தட்டியவாவது கட்டச் சொல்லுங்களேன். ஒழுகாம இருந்தாப் போதும்."

"தட்டிக்குள்ள கெடந்து போனான்னு உன்னை ஊர் சொல்லக்கூடாது. இன்னும் பதிமூணு நாள். தை பொறந்ததும் ராணி மாதிரி நடந்து போயிருவ."

"அப்போ ஊர் எப்படிச் சொல்லணும்?"

நான் பொங்கல் இலையை அவள் பக்கம் நகர்த்தினேன். கடைசியில் அவளே சொன்னாள். "நான்தான தும்முனேன். உங்களைச் சொல்லி என்ன பண்ண?"

அதற்கு மூன்றாம் நாள் பஜனையை முடித்துக்கொண்டு போனபோது மாடு மட்டும்தான் என்னைத் திரும்பிப் பார்த்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் மார்கழிச் சாவு புண்ணியம் என்றார்கள். வைகுண்ட ஏகாதசிக்கு அப்போது இரண்டு நாள் இருந்தது. மதினி அழுதுகொண்டேதான் சொன்னாள், பொய்யழுகை என்று சொல்ல மாட்டேன். "ரெண்டு நாள் பொறுத்திருந்தா வாசல் தொறந்திருக்கும், நேரா உள்ள போயிருப்பா. அவளுக்கு எதுலதான் நேரம் கூடி வந்துது?" கூடியிருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். நானும் ஒரு கணம் அப்படியே நினைத்தேன். பெருமாளுக்குத் தெரியும், நினைத்தேன்.

தீட்டுக் கழிந்து தை பன்னிரண்டாம் தேதி நல்ல நாள் என்று, அறுத்த மரமும் வாங்கின கல்லும் வீணாக வேண்டாமென்று அண்ணன் நிலையை நிறுத்திவிட்டான். பெண்டாட்டி இல்லாதவன் பூஜையில் உட்காரக் கூடாது என்பதால் அண்ணனும் மதினியும் உட்கார்ந்தார்கள். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். யாரும் தும்மவில்லை. அதற்குப் பிறகு நாலே நாளில் சுவரும் கூரையும் ஏறிவிட்டன. டாக்டர் சொன்ன நாளிலிருந்து எண்ணினால் அறுபது நாள். மாசி பிறக்குமுன் நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிவிட்டேன்.

ஆறாம் வருஷம் எஸ்டேட்டில் லீவு கொடுத்தார்கள். கப்பலில் பிடித்த ஜலதோஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இறங்கும்போது இருமலாகியிருந்தது. வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி இரண்டு தடவை இருமியிருப்பேன். மதினி பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னாள். "கப்பல்ல வந்த ஒடம்பு. தோட்டத்து அறையத் தூத்துத் தொடச்சு வெச்சிருக்கேன். உங்களுக்காகப் போட்டதுதான. கொஞ்ச நாள் அங்கயே இருங்க கொழுந்தனாரே" என்றாள். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், "காத்தோட்டமா இருக்கும்லே" என்றான்.

உண்மைதான். இரண்டு பக்கமும் ஜன்னல். கீழே பலகை. ஒரு மழை பெய்தது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. டாக்டர் சொன்னது எல்லாம் சரியாக இருந்தது. மதினி தினம் இரண்டு வேளை தூக்குச் சட்டியை வேலியோரத்துக் கல்லின்மேல் வைத்துவிட்டுக் கூப்பிட்டுவிட்டுப் போவாள். அப்படிப் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் காலையில் வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற அவளிடம் சொன்னேன். "இருமல் விட்டுட்டு மதினி. ராஜபாளையத்து டாக்டர்கிட்டக் காட்டிட்டு வாரேன். ஒண்ணுமில்லைன்னுட்டார்னா சாயங்காலம் வீட்டுக்கு வந்திருதேன். பிள்ளைகளோட உக்காந்து ஒரு வாய் சாப்பிடணும்."

"அதுக்கென்ன, வாங்க" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொட்டியையும் கையோட கொண்டு போயிருங்களேன். எதுக்கும் இருக்கட்டும்" என்றாள்.

டாக்டருக்குத் தலை நரைத்திருந்தது. முதுகில் தட்டிப் பார்த்தார், குழாய் வைத்துப் பார்த்தார். "உமக்கு ஒண்ணுமில்லை. திடமா இருக்கீர்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"வீட்டம்மாளைக் கூட்டிட்டு வந்தீர்லா? தோட்டத்துல அறை போடச் சொன்னேனே. போட்டீரா?"

"போட்டேனுங்க."

"எத்தனை நாள்ல?"

"அறுபது நாளாச்சுங்க."

குழாயைக் காதிலிருந்து கழற்றினார். அதை மடித்து மேஜைமேல் வைத்தார். பிற்பாடு துரைசாணி சிரித்தாளே, அதுபோல் அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ராஜபாளையத்தில் மத்தியான ரயிலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டிக்கெட் எடுத்தேன். பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டேன். லீவில் இன்னும் இருபது நாள் பாக்கி இருந்தது. எனக்கு எதிரே ஒரு ராவுத்தர், ஜவுளி மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். வண்டி எங்கள் தோட்டத்தைத் தாண்டுமே என்று ஜன்னலோரமாக நகர்ந்தேன். வெள்ளையடித்த அறை தெரிந்தது. கதவும் இரண்டு ஜன்னலும் விரியத் திறந்து கிடந்தன. உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டிருந்தார்கள், வாசலில் ஈரம் மின்னியது. கிணற்றடிக்கு இந்தப் பக்கம் மதினி கம்பால் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். புகை வந்தது. நான் பதினோரு நாள் படுத்திருந்த கோரைப்பாய் எரிந்துகொண்டிருந்தது. சீக்கில் செத்தவர்களின் பாயைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படி எரிப்பார்கள்.

புகை காற்றில் திரும்பி வண்டிக்குள் வந்தது. ராவுத்தர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"பாயைப் போட்டு எரிக்காவ. பாவம், எந்த வீட்டுல யாரு போனாவளோ" என்றார். துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தி, செத்தவருக்காக உதட்டுக்குள் ஓதினார். ஓதி முடித்து என்னைப் பார்த்தார். எனக்கும் கைகள் தாமாகச் சேர்ந்துவிட்டன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி நின்றது. ராவுத்தர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினார். என் டிக்கெட்டும் அந்த ஊர் மட்டும்தான். காலுக்கிடையில் பெட்டியை இடுக்கிக்கொண்டு, விசில் ஊதி வண்டி நகர்ந்த பிறகும், கூப்பிய கையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.